சம்ஹாவின் மூக்குத் துணி

கடிதம் எண் 1
ஹுஃபூஃப்
ஹிஜ்ரி 1435, ரபீஉல் அவ்வல் 11. 12 ஜனவரி 2014, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4 மணி 40 நிமிடம்

அன்புத் தங்கை வத்ஹாவுக்கு, அண்ணன் ஜாரல்லாஹ் எழுதுவது. சலாம்.

தொலைபேசியில் இரண்டு முறை அழைத்தேன். இரண்டு முறையும் உன் கணவர் ஃபாலிஹ் எடுத்து, என் குரலைக் கேட்டவுடன் வைத்துவிட்டார். ஆகவே உங்கள் பாலைவன மேய்ச்சல் முகாமுக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரி ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதங்களுக்கு எண் இட்டிருக்கிறேன். இடையில் ஒன்று தொலைந்தால் தொலைந்தது என்றாவது தெரியவேண்டும்.

முதலில், அந்தக் கிண்ணம். சென்ற துல்ஹஜ் 11, புதன்கிழமை, பெருநாளுக்கு மறுநாள், ஃபாலிஹ் அத்தனை விருந்தினர் முன்னிலையில் கறந்த சூட்டோடு நுரை ததும்ப நீட்டிய ஒட்டகப் பாலை நான் கையில் வாங்காமல், காய்ச்சித் தரும்படி கேட்டேன். காய்ச்சிய பால் செத்த பால் என்று நம்மவர்கள் கருதுவதை நான் அறியாதவன் அல்லன். கேட்டதற்காக நான் வருந்தவில்லை. பலர் முன்னிலையில் கேட்டதற்காக வருந்துகிறேன். இவ்விரண்டும் வேறு வேறு என்பதை அவருக்கு எடுத்துச் சொல்.

இப்போது எழுத வந்த விஷயம். நேற்று லாரி ஓட்டுநர் சொன்னார்: "ஹாஜி, அவங்க ஒட்டகம் சம்ஹா போட்ட குட்டி செத்துப்போச்சு. பால் வத்திடும்னு சந்தையில ஒரு குட்டி வாங்கிட்டு வந்திருக்காங்க. கடல் தாண்டிக் கப்பல்ல வந்த குட்டி. மூக்கடைச்சு சேர்க்கப்போறாங்களாம்."

தாயின் மூக்குத் துளைகளில் துணியை அடைத்து, கண்ணைக் கட்டி, ஒரு பகல் தவிக்கவிட்டு, பிறகு துணியை உருவி, அதில் ஊறிய ஈரத்தை அன்னியக் கன்றின் மேல் பூசினால், மூச்சு திரும்பியதும் முதலில் முகர்வதைத் தன் கன்றென்று அவள் நம்பிவிடுவாள். இந்த உத்தி பலிக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஈராண்டுகளாக மனிதரைக் கொன்றுவரும் அந்தச் சளிக்காய்ச்சல் கிருமி, ஒட்டகத்தின் உடலில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு நிறைந்திருக்கும் இடம் அந்த ஈரம்தான். அதிலும் தாய்ப்பாலின் காப்பு குறையத் தொடங்கிய இளங்கன்றின் மூக்கு அதற்குப் பிறந்த வீடு.

ஆதியில் அது வௌவாலிடம் இருந்தது என்கிறார்கள். ஒட்டகத்துக்கு எப்போது மாறியது என்று தேதி சொல்ல யாராலும் இயலவில்லை. எத்தனையோ தலைமுறை கூடவே வாழ்ந்ததில் ஒட்டகமும் அதுவும் ஒன்றுக்கொன்று பழகிவிட்டன. கன்று இரண்டு வாரம் தும்மும், பிறகு மறந்துவிடும். மனிதனோடு அது பழகவில்லை. பழகாத வீட்டில் நுழைந்த முரட்டு விருந்தாளியைப் போல, கூரையையே பிரித்துவிடுகிறது. என் அச்சம் அதோடு நிற்கவில்லை. இரண்டு மந்தைகள் ஒரே கிணற்றில் நீர் குடித்தால் கன்றுகள் இடம் மாறிப்போவதை நீ பார்த்திருக்கிறாய். கடலுக்கு அப்பாலுள்ள கிருமியும் நம் மண்ணின் கிருமியும் ஒரே மூக்கில் சந்தித்தால் தங்கள் உறுப்புகளை அப்படியே மாற்றிக்கொள்ளக்கூடும். அதிலிருந்து எது பிறக்கும் என்று முன்கூட்டிச் சொல்பவன் பொய்யன்.

ஃபாலிஹுக்கு இருபது வருடச் சர்க்கரை. சிறுநீரகம் பழுதாகி, வாரம் இருமுறை ஊர் மருத்துவமனையில் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்கிறார். இந்தக் கிருமி தேடுவது அத்தகைய உடலைத்தான். மூக்கடைப்பு வேண்டாம். செய்தே தீர்வதென்றால் அவர் கை படக்கூடாது. மேய்ப்பன் இத்ரீஸ் செய்யட்டும், முகமூடியோடு.

இணைப்பு: முகமூடி ஒரு பெட்டி, கையுறை ஒரு பெட்டி.

*

(தேதி இடப்படவில்லை. என் கைக்குக் கிடைத்தது: 18 ஜனவரி 2014, சனிக்கிழமை, பகல் 11.15. — ஜா.)

அண்ணா,

நான் எண் போடவில்லை. தொலைந்தால் தொலையட்டும்.

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே துணியை உருவியாயிற்று. வேறு யார் உருவுவார்கள்? மந்தைக்குச் சொந்தக்காரன் கையால்தான் உருவவேண்டும், இல்லாவிட்டால் தாய் ஏற்காது என்று உங்களுக்குத் தெரியாதா? ஹுஃபூஃபில் வீடு கட்டியதும் அதையும் மறந்துவிட்டீர்களா?

சம்ஹா அந்தப் பகல் முழுக்கக் கத்தினாள். எனக்குக் கேட்கப் பொறுக்கவில்லை. சாயங்காலம் அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பொறுத்துக்கடி என் தங்கமே, இந்தா புள்ள வந்துட்டான் பாரு"ன்னு சொல்லிச் சொல்லி இரண்டு துணியையும் உருவினார். முழங்கைவரை ஒழுகியது. அதைக் குட்டியின் முதுகிலும் தலையிலும் தேய்த்தார். அவள் மோந்தாள். ஒரு தரம் விலகினாள். பிறகு நாக்கை நீட்டி நக்கினாள். அந்த நேரத்தில் அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். எங்களுக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை. அவள் மூக்கின் மேலேயே முத்தமிட்டார். அந்தக் கையாலேயே பால் கறந்து குடித்தார், எனக்கும் கொடுத்தார். குடித்தேன்.

உங்கள் முகமூடியைக் காட்டினேன். "உங்க அண்ணன் முப்பது வருஷம் துறைமுகத்துல கால்நடை டாக்டரா நின்னு, கப்பல்ல வந்த ஆட்டையெல்லாம் கொல்லச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரு. உசுரோட நிக்கிற மிருகத்தைப் பாத்தாலே அவருக்குக் கை அரிக்கும்"னார். ஒன்றை எடுத்து நாய்க்கு மாட்டிவிட்டு, "இந்தா, இவனும் டாக்டர் ஆயிட்டான். சலாம் சொல்லு"ன்னார். இத்ரீஸ் சிரித்துச் சிரித்து இருமினான்.

கையுறையை வைத்துக்கொண்டேன். பானை தேய்க்க உதவுகிறது.

கோபப்படாதீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். குட்டி நேற்றிலிருந்து தும்முகிறது. இந்தக் குளிரில் எல்லாக் குட்டியும் தும்மும், இல்லையா?

வத்ஹா

*

கடிதம் எண் 2
ஹுஃபூஃப்
ஹிஜ்ரி 1435, ரபீஉல் அவ்வல் 18. 19 ஜனவரி 2014, ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணி 5 நிமிடம்

வத்ஹாவுக்கு,

நாயைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

எல்லாக் குட்டியும் தும்மும் என்பது உண்மை. எல்லாக் குட்டியின் தும்மலிலும் இக்கிருமி இருக்கும் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று நீ சொல்லிவிடவும் முடியாது. ஆகையால் பஞ்சுக் குச்சியும் குப்பியும் அனுப்புகிறேன். குச்சியைக் குட்டியின் மூக்குக்குள் உன் நடுவிரல் அளவுக்கு விட்டு, நிதானமாகச் சுழற்றி, குப்பிக்குள் போட்டு முறித்து மூடு. சம்ஹாவுக்கும் அவ்வாறே. லாரி ஓட்டுநரிடம் பனிக்கட்டிப் பெட்டி இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பின் பொறுப்பேற்றவர் இன்னும் என் சொல்லைக் கேட்கிறார்.

கப்பல் விஷயம். ஹிஜ்ரி 1412 ஷஅபானில் ஒரு கப்பல் ஆடுகளை அழிக்க உத்தரவிட்ட கையெழுத்து என்னுடையதே. அது வேறு நோய், அவை பிழைத்திருக்கமாட்டா, கரையிறங்கியிருந்தால் உங்கள் மந்தையும் பிழைத்திராது. இன்று அதே காகிதம் வந்தாலும் அதே இடத்தில் ஒப்பமிடுவேன். ஆனால் இதை அவருக்குப் படித்துக் காட்டு: இந்தக் கிருமிக்காக ஒட்டகத்தைக் கொல்வார் எவருமில்லை. மந்தையைச் சில வாரம் தனியே கட்டச் சொல்வார்கள், அவ்வளவே. சம்ஹாவின் ஒரு மயிருக்கும் கேடு வராது.

இறுதியாக, உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அவருக்குக் காய்ச்சல் கண்டால், மருத்துவமனை வாசலில் நீ சொல்லும் முதல் சொல் 'ஒட்டகம்' என்பதாக இருக்கட்டும். அவர் பெயரை அதற்குப் பிறகு சொல். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் அவரைத் தனியறையில் வைத்து, சரியான சோதனையைச் செய்வார்கள். கேட்காவிட்டால் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று மருந்து கொடுத்து, பத்துப் பேர் படுத்திருக்கும் கூடத்தில் கிடத்துவார்கள்.

இணைப்பு: பஞ்சுக் குச்சியுடன் குப்பிகள் நான்கு, காய்ச்சல்மானி ஒன்று.

*

(தேதி இடப்படவில்லை. கிடைத்தது: 4 பிப்ரவரி 2014, செவ்வாய்க்கிழமை, காலை 9.30. லாரி பழுதாகி நின்றதில் ஐந்து நாள் தாமதம் என்று ஓட்டுநர் கூறினார். — ஜா.)

அண்ணா,

ஊர் மருத்துவமனையின் நடைபாதையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசினால் அவருடைய தம்பிமார் காதில் விழும்.

குச்சியை அவர் தொழுகைக்குப் போன நேரத்தில் விட்டேன். குட்டி என் மேலேயே தும்மியது. சம்ஹாவும் தலையை உதறினாள். இரண்டு குப்பியும் இதோடு வருகின்றன.

இத்ரீஸுக்கு நாலு நாள் இருமல் இருந்தது, சரியாகிவிட்டது. அதனால் அவருக்குக் காய்ச்சல் வந்தபோதும் நான் பயப்படவில்லை. உங்கள் கண்ணாடிக் குச்சி முப்பத்தொன்பதரை காட்டியது. "அது உங்க அண்ணன் குடுத்த குச்சி. அப்படித்தான் காட்டும்"னார். மறுநாள் இரத்தம் சுத்திகரிக்கும் நாள். வழக்கம்போல வந்தோம். கூடத்தில் அவருடைய வழக்கமான கட்டிலில் படுத்தார். பக்கத்துக் கட்டிலில் அந்த ஓய்வுபெற்ற பள்ளி வாத்தியார். இருவரும் எப்போதும்போல ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். பேச்சின் நடுவே இவருக்கு மூச்சு வாங்கியது. இங்கேயே சேர்த்துவிட்டார்கள்.

டாக்டர் சின்னப் பெண். நல்ல பெண். என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்: "அம்மா, வீட்டுல ஆடு, ஒட்டகம் ஏதாவது வச்சிருக்கீங்களா? சமீபத்துல ஒட்டகத்துக்கிட்ட போனாரா? பச்சைப் பால் குடிச்சாரா?"

உங்கள் சொல் என் நாக்கு நுனிவரை வந்தது அண்ணா. சத்தியமாக வந்தது. ஆனால் காரிலேயே அவர் என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு சொல்லியிருந்தார்: "வத்ஹா, அந்தப் பேச்சு உன் வாயில வந்தா நாளைக்கே வண்டி கட்டிக்கிட்டு வருவாங்க. ஆட்டைக் கொன்ன மாதிரி எல்லாத்தையும் குழியில தள்ளுவாங்க. என் தலைமேல சத்தியம் பண்ணு." உங்கள் கடிதத்தைப் படித்துக்காட்டினேன். கொல்லமாட்டார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதைச் சொன்னேன். அவர் கேட்டார்: "சொல்றது யாரு? கப்பலைக் கொன்னவரா?"

சத்தியம் பண்ணிவிட்டேன்.

"இல்லம்மா. பேரீச்சந்தோட்டம்தான். மிருகம் எதுவும் கிடையாது"ன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். என் முக்காட்டில் சம்ஹாவின் முடி ஒட்டியிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

இப்போது ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். நீங்கள் வரக்கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். வரவேண்டாம். ஆனால் என்ன செய்யவேண்டும் என்று எழுதுங்கள்.

வத்ஹா

*

கடிதம் எண் 3
ஊர் மருத்துவமனை, வெளிவாசல், என் கார்
ஹிஜ்ரி 1435, ரபீஉல் ஆகிர் 4. 4 பிப்ரவரி 2014, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2 மணி 10 நிமிடம்

வத்ஹா,

என்ன செய்யவேண்டும் என்று கேட்டாய். செய்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்து முடித்த நேரத்தில் காரை எடுத்தேன். உன் மருத்துவரை அவர் அறையில் சந்தித்து, அந்தச் சொல்லையும், மூக்குத் துணியையும், பச்சைப் பாலையும் சொன்னேன். அந்தப் பெண் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "ஒரு வாரமா அவரு அந்தக் கூடத்துலதான் படுத்திருக்காரு ஐயா" என்றார். அவரைக் குறை சொல்லாதே. அவர் கேட்கவேண்டியதைக் கேட்டார்.

இன்னும் ஒரு மணி நேரத்துக்குள் ஃபாலிஹைத் தனியறைக்கு மாற்றுவார்கள். உன்னையும் சோதிப்பார்கள், குட்டி உன் மேல் தும்மியிருக்கிறது. மறுக்காதே. சத்தியத்தை மீறியவன் நான், நீ அல்ல. அதை அவரிடம் அப்படியே சொல்.

உள்ளே வரமாட்டேன். அவர் வேண்டாம் என்றது என் காதில் விழுந்தது. வாசலில் இருக்கிறேன்.

இணைப்பு: ஒன்றுமில்லை.

*

(தேதி இடப்படவில்லை. செவிலியர் வழியாகக் கிடைத்தது: 8 பிப்ரவரி 2014, சனிக்கிழமை, மாலை 5.50. — ஜா.)

அண்ணா,

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். தொண்டையில் குழாய் போடும் முன் ஒரு நிமிஷம் பேசவிட்டார்கள். நீங்கள் சொன்னதைச் சொன்னேன்: சத்தியத்தை மீறியது நானில்லை, அண்ணன்தான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "வண்டி வந்துடுச்சா?" தெரியாது என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு குழாய் போட்டுவிட்டார்கள்.

வாத்தியாருக்கும் காய்ச்சலாம். அவர் மகள் நடைபாதையில் என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு மாமி, நான் துஆ கேக்கறேன்"ன்னாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் செய்தது சரி. அதற்காக உங்களை மன்னிக்கமாட்டேன். இரண்டும் வேறு வேறு என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

எனக்கும் நேற்றிலிருந்து நெஞ்சு கனக்கிறது. சம்ஹாவைப் போய்ப் பாருங்கள். வண்டி வந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.

வத்ஹா

*

கடிதம் எண் 4
ஹுஃபூஃப்
ஹிஜ்ரி 1435, ஜுமாதல் ஊலா 5. 6 மார்ச் 2014, வியாழக்கிழமை, காலை 8 மணி 25 நிமிடம்

அன்புத் தங்கை வத்ஹாவுக்கு,

உனக்கு வைத்திருந்த குழாயை நேற்று முன்தினம் எடுத்துவிட்டதாகவும், நினைவு தெளிந்து எழுத்தைப் படிக்கும் நிலையில் இருப்பதாகவும் சொன்னார்கள். உள்ளே வர எனக்கு இன்னும் அனுமதியில்லை. விழித்ததும் நீ முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பை மருத்துவர் என்னிடமே ஒப்படைத்திருக்கிறார். அதைக் கடிதத்தின் கடைசியில் ஒளித்துவைக்க எனக்கு விருப்பமில்லை.

ஃபாலிஹ் இறந்துவிட்டார். ரபீஉல் ஆகிர் 13, பிப்ரவரி 13, வியாழக்கிழமை, பகல் 1 மணி 20 நிமிடம். நீ அடுத்த அறையில் நினைவின்றி இருந்தாய். குழாய் போட்ட பின் அவர் கண் விழிக்கவில்லை. கவச உடை அணிந்தவர்கள் குளிப்பாட்டினார்கள். தொழுகையில் அவர் தம்பிமாருக்கு அடுத்து நின்றேன். யாரும் என்னை விலகச் சொல்லவில்லை. வாத்தியாரும் ஒன்பது நாள் கழித்துப் போய்விட்டார். நீ நடக்கத் தொடங்கியதும் அவர் மகளிடம் நாம் இருவரும் போகவேண்டும். என்ன சொல்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இனி உன் இரண்டாவது கேள்வி. வண்டி வந்தது. பிப்ரவரி 9 அன்று இருவர் வந்தார்கள். மந்தை முழுவதன் மூக்கிலும் குச்சி விட்டார்கள். தனியே கட்டச் சொன்னார்கள். தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று வாரத்துக்குப் பின் மறுபடி வந்து, சரியாகிவிட்டது, மேய்ச்சலுக்கு விடலாம் என்றார்கள். எந்த ஒட்டகமும் சாகவில்லை. குட்டி தும்முவதை எப்போதோ நிறுத்திவிட்டது. இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறது.

நீ அனுப்பிய குப்பிகளின் முடிவையும் உனக்குச் சொல்லவேண்டும். குட்டியின் மூக்கிலும் சம்ஹாவின் மூக்கிலும் ஃபாலிஹின் நெஞ்சிலும் இருந்தது ஒரே கிருமி. அதன் மரபணுவை எழுத்துக்கு எழுத்து வரிசைப்படுத்திப் பார்த்ததில் ஓரிரு எழுத்தே வேறுபட்டது. ஆனால் நான் எண் 1இல் கடல் தாண்டி வந்த குட்டியைக் குற்றம் சொன்னேன். அது தவறு. கிருமி நம் மண்ணுடையது. வெளியூர்க் குட்டி நோயில்லாமல் வந்து, சந்தைப் பட்டியிலோ நம் மந்தையிலோ அதைப் பெற்றிருக்கிறது. நான் அஞ்சிய கலப்பும் நிகழவில்லை. அது புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவேண்டிய தேவையே இருக்கவில்லை. பழைய கிருமி, ஒரு துணி, ஒரு முத்தம். அவை போதுமானவையாக இருந்தன.

இத்ரீஸின் இரத்தத்தில் அது வந்துபோன தடயம் இருக்கிறது. அவனுக்கு நாலு நாள் இருமல்; அவருக்கு மரணம். ஏன் என்று அவன் என்னிடம் கேட்டான். சர்க்கரை, சிறுநீரகம், வயது என்று விளக்கினேன். "அது எனக்கும் தெரியும் ஹாஜி. நான் அதைக் கேக்கல" என்றான்.

நேற்று முகாமுக்குப் போனேன். சம்ஹா கூடார வாசலைப் பார்த்தபடி நிற்கிறாள். "அவரு வர்ற நேரத்துக்குத்தான் இப்படி நிக்குது. நான் கை வச்சா பாலை இறக்கமாட்டேங்குது. குட்டியை விட்டாத்தான் இறக்குது" என்றான் இத்ரீஸ். ஆக, ஃபாலிஹின் மூக்கடைப்பு பலித்துவிட்டது. அந்தக் குட்டி இப்போது அவளுடையது. குட்டி முட்டிய பின் ஒருபுறம் கறக்கச் சொன்னேன். நான் சொல்லாமலே அவன் முகமூடியை மாட்டிக்கொண்டான். பாத்திரத்தை நானே அடுப்பில் வைத்தேன். அவன் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்று முறை பொங்கவிட்டேன். ஆறவைத்து, அவர் எனக்கு நீட்டிய அதே கிண்ணத்தில் ஊற்றி, அவர் உட்காரும் இடத்தைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு கிண்ணம் முழுதும் குடித்தேன். ஃபாலிஹ் சொன்னது சரிதான். காய்ச்சினால் அதில் ஏதோ ஒன்று செத்துப்போகிறது. நன்றாக இல்லை.

உனக்குப் பிடிக்காது. ஆயினும் குடி. மருத்துவரிடம் கேட்டுவிட்டேன், ஒரு நாளைக்கு அரைக் கிண்ணம் அனுமதி உண்டு.

என்னை மன்னிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாசலில் இருப்பேன்.

உன் அண்ணன்
ஜாரல்லாஹ்

இணைப்பு:
1. உன் சீப்பு; துவைத்த கறுப்பு முக்காடு. (தோள்பக்கம் ஒட்டியிருந்த ஒட்டக முடியை நான் எடுக்கவில்லை.)
2. ஃபாலிஹின் கைக்கடிகாரம். மருத்துவமனையில் துடைத்துக் கொடுத்தது. ஓடுகிறது.
3. சம்ஹாவின் பால், ஒரு குடுவை. காய்ச்சியது.
4. மரக் கிண்ணம் ஒன்று. துல்ஹஜ் 11 அன்று நான் வாங்க மறுத்தது.